சபைக்கு வக்கீலாகப் போகும் தம்பி தங்கைகளுக்கு

நம்மூரில் சபை வழக்கு என்றால் திருமண்டலத் தேர்தல், பள்ளிக்கூடத் தாளாளர் பதவி, கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர், இவ்வளவுதான். அந்தக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நடக்கிற ஜூனியர்களிடம் நான் படிக்கச் சொல்வது வேறு வழக்குகளை. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் புராட்டஸ்டன்ட் சபையின் ஒரு பகுதி அரசுக்கு வளைந்து கொடுக்காமல் ‘அறிக்கையிடும் திருச்சபை’ என்று தனித்து நின்றது. அதன் போதகர்களில் நீமோலரையும் போன்ஹோஃபரையும் நம் ஞாயிறு பிரசங்கங்களிலேயே கேட்டிருப்பீர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதியவர்களை, ‘இது செல்லும், அது செல்லாது’ என்று சொன்னவர்களை யாரும் சொல்வதில்லை. வைஸ்லர், பெரெல்ஸ், கிரைஸிக் ஆகிய மூவரும் சட்டம் படித்தவர்கள். அவர்களை வைத்தே சொல்கிறேன். எண் போட்டிருப்பது நீங்கள் என்னோடு சண்டை போட வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. முதலில் சபையின் சொந்தச் சட்டத்தைப் படியுங்கள். வேத வசனத்தைப் போதகர் பார்த்துக்கொள்வார்.

1933 ஜூலையில் ஜெர்மனியின் மாநிலச் சபைகளையெல்லாம் ஒன்றாக்கி ஒரே புராட்டஸ்டன்ட் சபை அமைக்கப்பட்டது. அதற்கு ஒரு சாசனம் எழுதி, ஜூலை 14 அன்று அரசே அதைச் சட்டத்தால் அங்கீகரித்தது. 23ஆம் தேதி சபைத் தேர்தல். முந்தின இரவு ஹிட்லரே வானொலியில் பேசினார். நாஜி ஆதரவு ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்’ அணி அள்ளிக்கொண்டு போனது. செப்டம்பரில் பிரஷ்யச் சபையின் பேரவை, யூத வம்சத்தவரும் அப்படிப்பட்டவரை மணந்தவரும் குருவானவராக இருக்கக் கூடாது என்று விதி போட்டது. லுட்விக் முல்லர் தேசப் பேராயர் ஆனார். எதிர்த்த போதகர்களை ஆணை மேல் ஆணை போட்டு நீக்கினார், சம்பளத்தை நிறுத்தினார்.

போதகர்கள் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே எடுபட்ட வாதத்தைக் கவனியுங்கள். ‘ஹிட்லர் தவறு’ என்று யாரும் சொல்லவில்லை. ‘பேராயருக்கு இந்த ஆணை போட அதிகாரமே இல்லை, அரசு அங்கீகரித்த சாசனமே அதைத் தரவில்லை’ என்றார்கள். நாஜிகளை விரும்பிய நீதிபதிக்கும் அதிகார வரம்பு என்றால் புரியும். பல நீதிமன்றங்கள் நீக்கம் செல்லாது, சம்பளத்தைக் கொடு என்று தீர்ப்பளித்தன. 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடிய பேரவையின் இறையியல் அறிக்கை உலகப் புகழ் பெற்றது. அதே கூட்டம் சபையின் சட்ட நிலை குறித்தும் ஓர் அறிக்கை வெளியிட்டதை இறையியல் கல்லூரிக்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் தாண்டாதீர்கள்.

2. ஜெயித்த அன்றே, எதிர்ப்பக்கம் இனி என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

நம்மூர் எதிர்வாதி மேல்முறையீட்டுக்குப் போவார். சர்வாதிகாரி அந்தச் சிரமமெல்லாம் படமாட்டார், நீதிமன்றத்தையே வழியிலிருந்து எடுத்துவிடுவார். 1935 ஜூன் 26 அன்று ஒரு சட்டம் வந்தது. புராட்டஸ்டன்ட் சபை விஷயத்தில், 1933 மே முதல் எடுக்கப்பட்ட நடவடிக்கை எதுவும் செல்லுமா செல்லாதா என்ற கேள்வி ஒரு வழக்கில் எழுந்தால், நீதிபதி விசாரணையை நிறுத்திவைத்துவிட்டு அந்தக் கேள்வியை உள்துறை அமைச்சகத்தில் இருந்த ஒரு தனிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு சொல்வதே முடிவு. இதற்காக நீதிபதிகளை மிரட்டவோ மாற்றவோ வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கையிலிருந்த கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கத்தியில்லாமல் செய்த வேலை. சட்ட வரைவு என்ற அளவில் பார்த்தால் கெட்டிக்காரத்தனம் என்றுகூடச் சொல்வேன்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 10இல் பிரஷ்யாவின் கெஸ்டாபோ சட்டம் வந்தது. அந்த ரகசியப் போலீஸின் உத்தரவுகளை நிர்வாக நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்றது. ஆட்கொணர்வு மனு போடலாமே என்று கேட்பீர்கள். 1933 பிப்ரவரி 28 அவசர ஆணையிலேயே அரசியலமைப்பின் தனிமனிதச் சுதந்திரத்துக்கான உறுப்பு நிறுத்திவைக்கப்பட்டுவிட்டது. ‘பாதுகாப்புக் காவல்’ என்று பெயர் சூட்டி, குற்றப்பத்திரிகையும் இல்லாமல் நீதிபதியும் இல்லாமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருந்தார்கள்.

இந்தக் கட்டத்தில் வக்கீலின் வேலை மாறுகிறது. எந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது, எது மூடிவிட்டது என்று கட்சிக்காரரிடம் ஒளிக்காமல் சொல்வதுதான் வேலை. திறக்காத கதவைத் தட்டச் சொல்லி ஃபீஸ் வாங்காதீர்கள்.

3. சில்லறைச் சட்டங்களை அலட்சியம் செய்யாதீர்கள். தேசத்துரோகம் என்ற பெரிய பெயரில் போதகர்கள் சிக்கியது குறைவு. 1934 நவம்பரின் நிதி வசூல் சட்டம் அனுமதியில்லாத பொது வசூலைக் குற்றமாக்கியது. அதை வைத்துக் காணிக்கைத் தட்டில் கை வைத்தார்கள். அரசையும் கட்சியையும் குறித்து ‘வஞ்சகமாக’ப் பேசினால் தண்டனை என்று 1934 டிசம்பரில் இன்னொன்று வந்தது. பிரசங்க பீடத்தில் அரசு விவகாரம் பேசுவதற்கு எதிரான குற்றப்பிரிவோ 1871இல், பிஸ்மார்க் காலத்தில், கத்தோலிக்கக் குருமாரை அடக்கப் போட்டது. அறுபது வருடம் கழித்து அது புராட்டஸ்டன்ட்காரர் கழுத்தில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போட்ட சட்டம்தானே என்று அன்று சும்மா இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் மாட்டினார்கள்.

4. கைதானவர் பெயரை அன்றே எழுதுங்கள். பெயர், ஊர், தேதி, என்ன நடவடிக்கை: கைது, பேச்சுத் தடை, ஊரைவிட்டு வெளியேற்றம். 1935 மார்ச்சில் புதிய இனவெறி மதத்தைக் கண்டித்த ஓர் அறிக்கையைப் பீடத்தில் வாசிக்கப் போகிறார்கள் என்று பிரஷ்யாவில் எழுநூறு போதகர்கள் வரை பிடித்தார்கள். அறிக்கையிடும் திருச்சபை இப்படிப்பட்டவர்களின் பட்டியலைச் சபைகளுக்கு அனுப்பி ஆராதனையில் ஜெபிக்கச் சொன்னது. சபையாருக்கு அது ஜெபக் குறிப்பு. சட்டக்காரர் கண்ணுக்கு அது பதிவேடு. எந்தப் பத்திரிகையும் போடாத செய்தி ஞாயிறுதோறும் ஊர் ஊராக வாசிக்கப்பட்டது. இதைவிடச் சிக்கனமான ஓர் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

5. நகல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஃபிரீட்ரிஷ் வைஸ்லர் 1891இல் பிறந்தவர். அப்பா யூதக் குடும்பத்தில் வந்த வக்கீல், வழக்கறிஞர் தொழிலின் வரலாற்றையே புத்தகமாக எழுதியவர். பிள்ளைகளுக்குப் புராட்டஸ்டன்ட் ஞானஸ்நானம் கொடுத்தார். மகன் முதல் உலகப் போரில் சேவை செய்து, நீதிபதியாகி, ஒரு போதகரின் மகளை மணந்து, மாக்டெபுர்க் மாவட்ட நீதிமன்றத்தில் இயக்குநர் பதவிக்கு வந்தார். 1933 தொடக்கத்தில் அவர் முன்னால் நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படைக்காரன் ஒருவன் சீருடையோடு வந்து நின்றான். நீதிமன்றத்தில் இது முறையல்ல என்று வைஸ்லர் அபராதம் போட்டார். சில வாரங்களில் அந்தப் படையினர் நீதிமன்றத்துக்குள் நுழைந்து அவரை அடித்து, மாடத்துக்கு இழுத்துப் போய், ஸ்வஸ்திகா கொடிக்கு வணக்கம் வைக்கச் செய்தார்கள். ஜூலைக்குள் பதவி போயிற்று. பெர்லினுக்கு வந்து, அறிக்கையிடும் திருச்சபையின் தற்காலிகத் தலைமைக்குச் சட்ட ஆலோசகரானார், பிறகு அலுவலகத்தையே நடத்தினார்.

1936 மே மாதம் அந்தத் தலைமை ஹிட்லருக்கு ஒரு குறிப்பாணை எழுதியது. தேசத்தைக் கிறிஸ்துவை விட்டு விலக்குவது அரசின் கொள்கையா என்று நேராகக் கேட்டது. யூதர்களை வெறுக்கும்படி கிறிஸ்தவர்களை நெருக்கினால், பிறரை நேசி என்ற கட்டளை அதற்கு எதிராக நிற்கிறது என்றது. தலைவருக்குத் தெய்வத்துக்குரிய மரியாதை தருவதைக் கண்டித்தது. வதை முகாம்கள் இருப்பதையும், கெஸ்டாபோ நடவடிக்கைகள் நீதிமன்ற விசாரணைக்கு அப்பாற்பட்டு இருப்பதையும் பெயர் சொல்லிச் சுட்டியது. அந்த ஆட்சியில் எந்தச் சபையும் அதற்கு முன் இவ்வளவு சொன்னதில்லை. ஜூன் 4 அன்று ஹிட்லரின் அலுவலகத்தில் கையளித்தார்கள். பகிரங்கப்படுத்தவில்லை. பதில் சொல்ல அவருக்கு அவகாசம் தர வேண்டும் என்பது எண்ணம். பதில் வரவில்லை.

வைஸ்லரிடம் ஒரு பிரதி இருந்தது. அதை இறையியல் படித்த எர்ன்ஸ்ட் டில்லிஷிடம் படிக்கக் கொடுத்தார். டில்லிஷ் ஒரே இரவில் நகல் எடுத்துக்கொண்டார். அவரும் வெர்னர் கோக் என்ற இளம் குருவானவரும் வெளிநாட்டு நிருபர்களோடு தொடர்பில் இருந்தவர்கள். ஜூலை 23 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பத்திரிகையில் முழு வாசகமும் அச்சாகிவிட்டது. பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஒன்பது நாள் இருந்தது.

நான் சொல்ல வருவது: ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பெயர் உண்டு. யார் கையில் எது இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவுக்குக் கொடுத்தாலும், நாளைக் காலை பத்திரிகையில் வந்தால் யார் தலை உருளும் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

இதைச் சொல்லிவிட்டு எனக்கே ஒரு தடுமாற்றம். அந்தக் காகிதம் ஹிட்லரின் அலமாரியோடு போயிருந்தால் அந்த ஆட்சியை உலகத்தின் முன் வைத்துக் கேட்ட ஒரு கேள்வி போயிருக்கும். ஆகஸ்ட் 23 அன்று சபைகளில் வாசிக்கப்பட்ட அறிக்கை அதைவிட மிதமானது. முழு உண்மையும் வெளியே போனது கசிவின் வழியாகத்தான். கசிந்தது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். கசிந்தபோது விலை கொடுத்தவர் யார் என்று மட்டும் சொல்கிறேன்.

6. நீங்கள் காப்பாற்றும் நிறுவனம் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணாதீர்கள்.

சபைத் தலைமை அந்த வெளியீட்டோடு தனக்குச் சம்பந்தமில்லை என்று விலகிக்கொண்டது, வைஸ்லரையும் விட்டு விலகியது. எழுதியது தலைமை, கையெழுத்துப் போட்டது தலைமை. நடுத்தெருவில் நின்றது ஆலோசகர். அக்டோபர் 7 அன்று கெஸ்டாபோ அவரைக் கைது செய்தது. எந்த நீதிபதி முன்னாலும் நிறுத்தவில்லை. குறிப்பாணை எதைச் சுட்டிக்காட்டியதோ அதுவே அவருக்கு நடந்தது. 1937 பிப்ரவரி 13 அன்று அவரையும் டில்லிஷையும் கோக்கையும் சாக்சென்ஹவுசென் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிறப்பால் யூதர் என்று வைஸ்லரை மட்டும் பிரித்து முகாமின் சிறைக் கட்டடத்தில் அடைத்தார்கள். காவலர்கள் நாள் கணக்கில் அடித்தார்கள். 19ஆம் தேதி இறந்தார். தற்கொலை என்று சொன்னார்கள். மற்ற இருவரும் பின்னால் விடுதலையானார்கள்.

தலைமையைத் திட்ட வேண்டும் என்றால் எனக்கு வாய் வரும். ஆனால் அந்த அறையில் நீங்கள் இருந்திருந்தால், பத்தாயிரம் சபைகளின் கதவை மூடிவிடுவான் என்ற பயம் உங்களுக்கும் இருந்திருக்கும். நிறுவனங்கள் அப்படித்தான். தெரிந்துகொண்டு வேலைக்கு வாருங்கள் என்கிறேன்.

7. “என் கட்சிக்காரர் யார்?” இதை முதல் நாளே கேளுங்கள், பிறகும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

அறிக்கையிடும் திருச்சபையின் சண்டை பெரும்பாலும் தன் சுதந்திரத்துக்கான சண்டை. சபைக்குள் வந்த யூத வம்சத்தவரைக் குருத்துவத்திலிருந்து நீக்காதே என்று வாதாடியது. ஞானஸ்நானம் பெறாத யூதர், தெருமுனையில் கடை வைத்திருந்தவர், அவருக்காகச் சபையாக எழுந்து நின்றது மிக அபூர்வம். சட்டத்தில் இதற்கு ஒரு சௌகரியமான வாக்கியம் கிடைக்கும்: அவர் நமக்குக் கட்சிக்காரர் அல்ல.

ஃபிரீட்ரிஷ் யுஸ்டஸ் பெரெல்ஸ் அந்தச் சௌகரியத்தில் உட்காரவில்லை. 1910இல் பெர்லினில் பிறந்தவர். அவர் குடும்பத்துக்கும் யூத வேர் உண்டு. இருபத்தைந்து இருபத்தாறு வயதில், இப்போது உங்களில் பலருக்கு இருக்கும் வயதில், சபையின் சட்ட ஆலோசகரானார். சம்மன் வந்த போதகர், சம்பளம் நின்ற போதகர், ஊரைவிட்டு விரட்டப்பட்ட போதகர் எல்லோரும் அவரைத் தேடி வந்தார்கள். அது அலுவலக வேலை. 1941 அக்டோபரில் பெர்லினிலிருந்து யூதர்களை ரயில் ஏற்றத் தொடங்கினார்கள், முதல் ரயில் 18ஆம் தேதி. அந்த வாரங்களிலேயே பெரெல்ஸும் போன்ஹோஃபரும் என்ன நடக்கிறது என்று விவரம் திரட்டி அறிக்கை தயாரித்து, ஆட்சிக்கு எதிராக ரகசியமாகச் சேர்ந்திருந்த அதிகாரிகளிடம் சேர்ப்பித்தார்கள். எந்த நீதிமன்றமும் அதைக் கேட்கவில்லை, எந்தக் கட்சிக்காரரும் வக்காலத்துக் கொடுக்கவில்லை. அதே கூட்டத்தில் இருந்த சட்டக்காரர் ஹான்ஸ் ஃபான் டோனானி 1942இல் யூதர்கள் 14 பேரை ராணுவ உளவுத்துறையின் ஆட்கள் என்று தாள் தயாரித்து சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவைத்தார். பெரெல்ஸ் அதற்கும் துணை நின்றார். அவர்களுக்காகச் சுவிஸ் நாட்டுக்கு அனுப்பிய அந்நியச் செலாவணியின் வழியாகத்தான் விசாரணை டோனானியைத் தொட்டது. 1943 ஏப்ரல் 5 அன்று கைது. ஆள் மாறாட்டத் தாள்களெல்லாம் தப்பின, பணத் தாள் மாட்டியது. கணக்குத் தாள்களைச் சாட்சியைவிடக் கவனமாகக் கையாளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. விடுதலையும் வீடு திரும்புவதும் வேறு வேறு. நீமோலரின் வழக்கு 1938 பிப்ரவரி 7 முதல் மார்ச் 2 வரை பெர்லின் சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. ஏழு மாதக் கோட்டைக் காவலும் அபராதமும் தீர்ப்பு. விசாரணைக் காவலிலேயே ஏழு மாதம் கழிந்துவிட்டதால் அவர் போகலாம். வக்கீல்களுக்கு அது வெற்றி. கெஸ்டாபோ அவரை வெளியே விடவில்லை, ஹிட்லரின் சொந்தக் கைதி என்று சாக்சென்ஹவுசெனுக்குக் கொண்டுபோனது. 1945 வரை அவர் திரும்பவில்லை. வாதம் முடியும் நாளில் வாசலில் யார் வண்டி நிற்கிறது என்று பார்த்துவரக் குமாஸ்தாவை அனுப்புங்கள்.

9. கையெழுத்து உள்ள காகிதமெல்லாம் சட்டம் ஆகிவிடாது. இதைச் சொல்லத் துணிந்தவர் வக்கீல் அல்ல, நீதிபதி. லோதார் கிரைஸிக், அறிக்கையிடும் திருச்சபையின் ஆள். ஹாவெல் நதிக்கரையில் உள்ள பிராண்டன்பர்க் நகரத்தில் பராமரிப்பு நீதிபதி. மனநோயாளிகள், மனவளர்ச்சி குன்றியவர்கள் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருந்தார்கள். 1940இல் அவருக்கு வரும் கோப்புகளில் ஒரு மாற்றம் தெரிந்தது. அவருடைய பொறுப்பில் இருந்த ஆட்கள் விடுதியிலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்படுகிறார்கள், கொஞ்ச நாளில் மரணச் செய்தி வருகிறது. ஒன்றுக்குப் பின் ஒன்று.

ஜூலை 8 அன்று நீதி அமைச்சர் கியூர்ட்னருக்குக் கடிதம் எழுதினார். விடுதிகளுக்கு, என் அனுமதியில்லாமல் என் பொறுப்பில் உள்ள எவரையும் மாற்றக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட்டார். இதன் பின்னால் இருப்பவர் ஹிட்லரின் அலுவலகத்து பிலிப் பூலர் என்று தெரிந்ததும், அவர் மேல் கொலைக் குற்றப் புகார் கொடுத்தார். சாதாரண முதல் தகவல் அறிக்கை போல, பெயர் போட்டு! நவம்பர் 13 அன்று அமைச்சர் கூப்பிட்டு ஒரு தாளின் நகலைக் காட்டினார்: ஹிட்லரின் சொந்த முகவரித் தாள், 1939 செப்டம்பர் 1 தேதி, அவர் கையெழுத்து, மருத்துவர்கள் ‘கருணைக் கொலை’ செய்யலாம் என்ற அனுமதி. அரசிதழில் வராத, எந்தச் சட்ட எண்ணும் இல்லாத காகிதம். இது சட்டம் ஆகாது என்றார் கிரைஸிக். தலைவரின் விருப்பத்தைச் சட்டத்தின் ஊற்றாக ஏற்க முடியாதவர் நீதிபதியாக இருக்க முடியாது என்றார் அமைச்சர். உத்தரவைத் திரும்பப் பெறவும் கிரைஸிக் மறுத்துவிட்டார்.

அவரைத் தூக்கில் போட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? விடுப்பில் அனுப்பி, 1942இல் ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வூதியத்தோடு. பண்ணை வைத்துப் பிழைத்தார், அங்கே இரண்டு யூதப் பெண்களை ஒளித்து வைத்தார், 1986 வரை வாழ்ந்தார். அந்தக் கொலைத் திட்டத்தைச் சட்டப்படி எதிர்த்த நீதிபதி என்று வரலாற்றில் சொல்லப்படுவது அவர் ஒருவர்தான். பயம் நியாயமானதா என்று மற்ற நீதிபதிகள் இப்படிச் சோதித்துப் பார்க்கவில்லை. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

10. வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றபின், 1944 அக்டோபர் 5 அன்று பெரெல்ஸ் கைதானார். 1945 பிப்ரவரி 2 அன்று நாஜிகளின் ‘மக்கள் நீதிமன்றம்’ அவருக்கும் போதகர் போன்ஹோஃபரின் அண்ணன் கிளாஸ் போன்ஹோஃபர், ரூடிகர் ஷ்லைஷர், ஹான்ஸ் ஜான் ஆகியோருக்கும் மரண தண்டனை விதித்தது. மறுநாள் விமானத் தாக்குதலில் அந்த நீதிமன்றத் தலைவர் ஃப்ரைஸ்லரே செத்தார். தீர்ப்பு சாகவில்லை. ஏப்ரல் 22 இரவு, சோவியத் படை பெர்லினுக்குள் வந்துவிட்ட நிலையில், சிறையிலிருந்து வெளியே நடத்திப் போய்ப் பின்னாலிருந்து சுட்டார்கள். மகனுக்காகத் தந்தையையும் பிடித்திருந்தார்கள். வரலாற்றுப் பேராசிரியரான அவர் முகாமில் நலிந்து மே மாதம் இறந்தார். நம் தொழிலின் ஆபத்து நம்மோடு நிற்காது. துணைவரிடம், பெற்றோரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

11. ஆட்சி கவிழ்ந்ததும் கட்டை மூடிவிடாதீர்கள். போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபருக்கு ஃப்ளோசன்பர்க் முகாமில் மரண தண்டனை கொடுத்த எஸ்.எஸ். நீதிபதி தோர்பெக்கை 1956இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அன்றிருந்த சட்டப்படி அவர் செய்தது முறையே என்ற தர்க்கம். பெரெல்ஸின் மகன் யோவாகிம், அப்பா சாகும்போது கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவர், வளர்ந்து அரசியல் அறிவியல் பேராசிரியராகி இந்தப் போக்கையே வாழ்நாளெல்லாம் விமர்சித்து எழுதினார். மக்கள் நீதிமன்றம் ஒரு நீதிமன்றமே அல்ல என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது 1985இல். தீர்மானம் வேறு, சட்டம் வேறு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாஜிகளின் அந்தத் தீர்ப்புகளை நாடு முழுக்க ஒட்டுமொத்தமாக ரத்துசெய்த சட்டம் வந்தது 1998 ஆகஸ்டில்.

1956 தீர்ப்பையும் 1998 சட்டத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துவிட்டு வாருங்கள். தீர்ப்பில் நீதிபதிகள் எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வரவேண்டும். வெள்ளிக்கிழமை வாய்தா குறைவு, அன்று சாயங்காலம் உட்கார்ந்து பேசுவோம்.